பல்லைப் பிடுங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

‘‘பல்லு ஆடுது டாக்டர்... பிடுங்கிடுங்க. ரெண்டு மணிக்கு ஆபீஸ்ல மீட்டிங்!’’

நாம் சொன்னால் சாதாரண டயலாக். வாயிலோ தொண்டையிலோ கேன்சர் வந்து, ‘கரண்ட்’ வைத்துக்கொண்டவர் சொன்னால்..? வம்புதான்!

கதிர்வீச்சைத்தான் நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறோம். அது கேன்சரை ஒழிக்கும். கூடவே, பக்கத்தில் இருக்கிற பாவத்துக்குத் தாடை எலும்பும் அடி வாங்கும். எலும்புக்குள் ஓடும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். ரத்தம் போகாத இடத்தில் புண் எப்படி ஆறும்? பல் எடுத்த பள்ளம் மூடாமல், எலும்பு வெளியே தெரிந்து, மெள்ள மெள்ளச் செத்துப்போகலாம். சிலருக்குத் தாடையில் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டி வரும். கீழ்த்தாடைக்குத்தான் ஆபத்து அதிகம். வருஷங்கள் ஓடினாலும் இந்த ஆபத்து விலகாது.

இன்னொரு சிக்கல், எச்சில். அது வாய்க்குக் கிடைத்த இலவச வாட்டர் சப்ளை. கதிர்வீச்சில் எச்சில் சுரப்பிகள் வற்றினால் கிருமிகளுக்கு தீபாவளி! ஏற்கெனவே ஈறு கெட்டிருந்தால் பல் சீக்கிரமே ஆட்டம் காணும். வைத்திருக்கவும் முடியாது, பிடுங்கவும் பயம்.

அப்போ என்னதான் வழி?

கரண்ட் வைக்கும் முன்பே பல் டாக்டரைப் பாருங்கள். ஈறைச் சுத்தம் செய்து, தேறாத பற்களை முடிந்தவரை 2 வாரம் முன்னதாகவே எடுத்துவிட்டால் புண் ஆற அவகாசம் கிடைக்கும். அதற்காக கேன்சர் சிகிச்சையை இஷ்டத்துக்குத் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டு டாக்டர்களும் பேசி நாள் குறிக்கட்டும். அப்புறம் மிருதுவான பிரஷ், டாக்டர் சொல்லும் ஃப்ளோரைடு ஜெல்... ஆயுசுக்கும்!

‘‘எனக்குத்தான் ஒண்ணுமில்லையே சார், ஈறுல ரத்தம்கூட வரலையே’’ என்கிறீர்களா? சிகரெட் பிடிப்பவரா நீங்கள்? ஈறு கெட்டிருந்தாலும் ரத்தக் கசிவை சிகரெட் அமுக்கிவிடும்! ‘‘வெறும் பாக்குதான், புகையிலை இல்லை’’ என்ற சமாதானமும் செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, 2004 அறிக்கையில் பாக்கையே கேன்சர் பட்டியலில் சேர்த்துவிட்டது.

வாயில் 2 வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் ஒற்றைப் பல்... எதுவானாலும் உடனே காட்டிவிடுங்கள்.

போனஸ் வந்ததை வீட்டில் மறைத்தாலும் மறையுங்கள். கரண்ட் வைத்ததை மட்டும் பல் டாக்டரிடம் மறைக்காதீர்கள்!