தலைநிமிர் காட்சி: வாகனக் கண்ணாடியில் ஓர் ஒளியியல் விந்தை

செங்குன்றத்தைக் கடந்து கவரைப்பேட்டை வழியே கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் பெருவழிச்சாலையை நம்மவர் நன்கறிவர். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் சரக்குப்பெட்டி லாரிகளும், ஆலைத் தொழிலாளர்களின் பேருந்துகளும், சைக்கிளில் செல்வோரும் ஒருங்கே பயணம் செய்யும் சாலை அது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. வேகமானியைக் காண ஓட்டுநர் ஒரு வினாடி தலைகுனிந்தால், அந்த 17 மீட்டரும் பாராமலே கடந்த தொலைவாகும். மார்கழிப் பனி மூடிய விடியற்காலையில் அதன் பொருள் யாதென விளக்க வேண்டுவதில்லை. வெள்ளெழுத்து கண்ட நாற்பது வயதினருக்கோ, தொலைவிலிருந்து அண்மைக்கும், மீண்டும் தொலைவுக்கும் பார்வை மாற மேலும் நேரம் பிடிக்கும்.

இக்குறையை நீக்க எழுந்ததே ‘ஹெட்-அப் டிஸ்ப்ளே’ என்னும் கருவி. ‘தலைநிமிர் காட்சி’ என இதனைத் தமிழில் வழங்கலாம். வேகம், வழி, எச்சரிக்கை ஆகியவை முன்கண்ணாடிக்கு அப்பால், சாலையின்மீதே மிதப்பதுபோல் தோன்றும்.

இதன் மூலத்தை 1900ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டவரான ஹோவர்ட் கிரப் வகுத்த துப்பாக்கிக் குறிகாட்டியில் காணலாம். பின்னர் இது போர் விமானங்களில் வளர்ந்தது. நம் நாட்டின் தேஜஸ் விமானத்திற்குரிய தலைநிமிர் காட்சியைச் சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் உருவாக்கியது. 1988இல் அமெரிக்க ஓல்ட்ஸ்மொபைல் காரில் இது சாலைக்கு இறங்கியது. நம் நாட்டில் 2022இல் வெளிவந்த மாருதி பலேனோவில், தனியே நிறுத்திய சிறு கண்ணாடித் தகட்டில் இக்காட்சி தோன்றியது. மகிந்திரா நிறுவனம் 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்திய மின்கார்களின் உயர்வகைகளிலோ, அடுத்த படியாகிய ‘மிகை மெய்ம்மை’க் காட்சியே இடம்பெற்றது. திரும்ப வேண்டிய தெருவின்மீதே அம்புக்குறி படிந்திருப்பதாகக் காட்டுவது இம்முறை.

இஃது எங்ஙனம் இயல்கிறது? பள்ளியில் பயின்ற குழியாடியை நினைவுகூர்க. குவியத்திற்கும் ஆடிக்கும் இடையே வைத்த பொருளின் மாயபிம்பம் பெரிதாகி ஆடிக்குப் பின்னே தோன்றும். ஆடியின் குவியத் தொலைவு 40 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். சிறு திரையை 30 சென்டிமீட்டரில் வைத்தால் பிம்பம் 1.2 மீட்டரில் தோன்றும். 38 சென்டிமீட்டரில் வைத்தால் 7.6 மீட்டருக்கு அப்பால் சென்றுவிடும். பழைய கருவிகளுக்கு 2 அல்லது 3 மீட்டர் போதுமாயிருந்தது. பிம்பம் சாலையோடு ஒட்டித் தோன்ற வேண்டுமெனில் அத்தொலைவு போதாது. 2020இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் பிம்பம் ஏறத்தாழ 10 மீட்டர் முன்னே தோன்றியது.

இங்கேதான் இடநெருக்கடி தொடங்குகிறது. ஓட்டுநரின் தலை சற்றே அசைந்தாலும் காட்சி மறையலாகாது. அதற்குக் கண்கள் உலவ 13 சென்டிமீட்டர் அகலமேனும் வேண்டும். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து 10 பாகை அகலக் காட்சியைக் காண மேலும் 17 சென்டிமீட்டர் தேவை. ஆக, ஒளி வந்து சேரும் பரப்பு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலமாகிறது. இத்துணைப் பெரிய ஆடியையும், நீண்ட ஒளிப்பாதையையும் ஸ்டியரிங் தண்டும், குளிர்காற்றுக் குழாய்களும் நெருங்கிய முகப்புப் பலகைக்குள் எங்ஙனம் அடக்குவது?

அறிஞர் கண்ட வழிகள் பல. முதலாவது, தளஆடியால் ஒளிப்பாதையை மடித்து வைத்தல். இரண்டாவது, கோளவடிவை விடுத்து இடத்திற்கிடம் வளைவு மாறும் ஆடிகளை வார்த்தல். இவை முன்கண்ணாடியின் வளைவால் விளையும் உருத்திரிபையும் ஈடுசெய்யும். மூன்றாவது, மெல்லிய கண்ணாடித் தகட்டினுள் முழு அக எதிரொளிப்பால் ஒளியைச் செலுத்தி, நுண்வரிகளின் வழியே சிறிது சிறிதாக வெளிவிடுதல். இம்முறையில் பெரிய ஆடியே வேண்டுவதில்லை; ஆயினும் ஒளியிழப்பும் நிறப்பிரிகையும் இதன் இடர்கள்.

வேறு இடர்களும் உள. முன்கண்ணாடியின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனியே எதிரொளிப்பதால் எழுத்து இரண்டாகத் தெரியும். கண்ணாடி அடுக்குகளின் இடையிலுள்ள படலத்தை ஆப்பு வடிவில் அமைத்து இரண்டையும் ஒன்றாக்குவர். ஒளி வெளியேறும் வழியே வெயிலும் உட்புகும். குழியாடி அதனைக் குவித்துத் திரையைத் தீய்த்துவிடும். சித்திரை வெயிலில் வாகனம் நிற்கும் நம் மண்ணுக்கு இது சிறு செய்தியன்று. ஆதலின் வெப்பக்கதிரை விலக்கும் வடிகட்டிகள் இன்றியமையாதவை.

வளைந்த ஆடியில், பொருளிலிருந்து வரும் ஒளி எப்புள்ளியில் பட்டுக் கண்ணை அடையும் என்பது இன்றைய வடிவமைப்பாளரின் அன்றாடக் கணக்கு. ஆயிரம் ஆண்டுகட்கு முன் பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் தம் ‘கிதாபுல் மனாஸிர்’ நூலில் ஆராய்ந்த கணக்கும் இதுவே. இன்றும் ‘அல்ஹசன் கணக்கு’ என அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

நம் மாவட்டத்துக்கும் இத்துறை அயலானதன்று. 1948இல் தொடங்கிய அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலையும், 1998 முதல் லான்சர் கார்களையும் பின்னர் சித்ரோயன் கார்களையும் ஈன்ற திருவள்ளூர் ஆலையும் நம் அண்டையிலேயே எழுந்தவை. இரும்பும் எஃகும் பழகிய இவ்வட்டாரக் கைகளுக்கு இனி ஒளியும் பழக வேண்டும். இயற்பியல் மாணவர் ஒளியியலையும், கணித மாணவர் வளைபரப்பு வடிவியலையும் ஆழப் பயில்க. தமிழ் மாணவரோ இக்கலைக்கு நல்ல சொற்களை ஆக்கித் தருக.

ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். கண்ணாடி முழுதும் குறிகள் நிறைந்தால், அவற்றின் பின்னே சாலையைக் கடக்கும் முதியவர் மறைந்துபோவார். எதைக் காட்டுவது என்பதினும் எதைக் காட்டாது விடுவது என்பதே இக்கலையில் அரிய அறிவு. கருவி எத்துணைச் சிறிதாயினும் ஆகுக. சாலையில் செல்லும் மனிதர் மட்டும் ஓட்டுநர் கண்ணுக்குச் சிறியராகிவிடலாகாது.