முள்ளா, பூவா?

நர்சரியில் இலையே தெரியாமல் பூத்துக் கிடந்த காகிதப்பூச் செடி, வீட்டு மாடிக்கு வந்த சில மாதங்களில் பச்சைப் புதராகிவிடுகிறது. கிளை நீள்கிறது, இலை பளபளக்கிறது, கிட்டே போனால் முள் கிழிக்கிறது. பூவை மட்டும் காணோம். உரம் போதவில்லையோ என்று ஒரு கை யூரியா போடுகிறோம்; காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறோம். புதர் இன்னும் பெரிதாகிறது. செடியைக் குறை சொல்ல வழியில்லை. நாம் ஊட்டியது இலைக்குத்தான்.

அந்தப் புதரில் ஒரு முள்ளை உற்றுப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேருகிற கக்கத்திலிருந்து அது கிளம்பியிருக்கும். பூத்த கிளை ஒன்று கிடைத்தால் அதையும் பாருங்கள். பூங்கொத்தும் அதே கக்கத்திலிருந்துதான் வந்திருக்கும். ரோஜாவின் முள் தோலில் முளைத்தது; பக்கவாட்டில் தள்ளினால் உதிர்ந்துவிடும். காகிதப்பூவின் முள் அப்படியல்ல. பூங்கொத்தாகியிருக்க வேண்டிய மொட்டுதான் இடையில் திசைமாறிக் கூராகிக் கெட்டிப்பட்டிருக்கிறது. பூக்காத செடியில் முள் அதிகம் தெரிவது தற்செயல் அல்ல.

எது மொட்டைப் பூப்பக்கம் திருப்புகிறது? கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வெஸ்லி ஹாக்கெட்டும் ராய் சாக்ஸும் 1960களிலிருந்து ‘சான் டியகோ ரெட்’ என்ற ரகத்தை வைத்து இதை ஆராய்ந்தார்கள். பகல் குறுகி இரவு நீண்டபோது மொட்டுகள் பூங்கொத்தாயின. பகல் நீண்டபோது முள்ளாயின. ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் முள்ளுக்குத் துணைபோனது. சைட்டோகைனின் என்ற இன்னொன்று பூவுக்குத் துணைநின்றது. பிற்பாடு அதே குழு செய்த ஒரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது: கிளை நுனியில் இருந்த இளந்தளிர்களைக் கிள்ளி எடுத்தார்கள். பூங்கொத்து நன்றாக வளர்ந்தது!

காரணம், உணவுப் பங்கீடு. முதிர்ந்த இலைகள் வெயிலில் சர்க்கரை தயாரிக்கின்றன. அதற்கு இரண்டு பேர் போட்டி: நுனித் தளிரும் கக்கத்து மொட்டும். தண்ணீரும் நைட்ரஜனும் தாராளமாக இருந்தால் தளிர் முந்திக்கொள்ளும். தொட்டி மண் காய்ந்தாலோ முதலில் தளர்வது தளிரின் வளர்ச்சிதான். முதிர்ந்த இலைகள் இன்னும் சிறிது காலம் வேலை செய்துகொண்டிருக்கும். அந்தச் சர்க்கரை மொட்டுக்குப் போகிறது. யூரியா என்பது நைட்ரஜன் உரம். பூவுக்காக யூரியா போடுவது எதிராளிக்குச் சோறு போடுவதுதான்.

கலிபோர்னியாவில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே நம் ஊர் மாடியில் பகல் நீளத்தைவிடத் தொட்டியின் ஈரம்தான் பெரிய விஷயம் என்பது என் கணிப்பு. பருவமழையில் வெறும் பச்சையாக நிற்கிற செடி, மழை விட்டு மண் காய்ந்ததும் பூத்துக்கொட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம்.

நாம் பூ என்று சொல்லும் அந்த ரோஜா நிற, ஆரஞ்சு நிற ஏடுகள் பூவே அல்ல. நிறம் ஏறிய இலைகள், அதாவது பூவடிச் செதில்கள். மூன்று செதில்களுக்கு நடுவே, குச்சி போல நீண்டு நுனியில் வெளிறி விரிந்திருக்கும் மூன்று சிறு குழல்களே உண்மையான பூக்கள். செதில்களுக்கு நிறம் தருவது பீட்டாலைன். பீட்ரூட்டுக்கும் சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்கும் சிவப்பைத் தருவதும் இதே வகை நிறமிதான்.

இது பிரேசில் பக்கத்துச் செடி. 1767-இல் ரியோ டி ஜெனிரோவில் இதைச் சேகரித்தவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஃபிலிபேர் கொமெர்சோன். கூடவே உழைத்தவர் ஜான் பாரே. அவர்கள் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கப்பலில் பெண்களுக்கு அனுமதி இல்லாததால் ஆண் வேடத்தில் வந்தவர். உலகைக் கடல்வழியே சுற்றிவந்ததாக அறியப்பட்ட முதல் பெண் அவர். செடியின் பெயரோ, போகன்வில்லா என்று, பயணத் தலைவர் பூகன்வில்லுக்குப் போய்விட்டது. பாரேயின் பெயரில் ஒரு தாவரம், கத்தரி இனத்தில், 2012-இல்தான் வந்தது. நமக்கும் இதில் ஒரு பெருமை உண்டு: உலகில் எங்கே புது போகன்வில்லா ரகம் உருவானாலும் அதன் பெயரைப் பதிவு செய்யும் அதிகார அமைப்பு டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்தான்.

மாடிக்கு வருவோம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்; இதில் சமரசம் கிடையாது. நிழலில் இருந்தால் சர்க்கரையே குறைவு, பங்கீட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. செம்மண்ணோடு மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து நீர் தேங்காத மண்ணாக்குங்கள். பெரிய தொட்டி வேண்டாம். பெரிய தொட்டியில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். சீக்கிரம் காயும் மண்தொட்டி இங்கே நல்லது. தொட்டி மாற்றும்போது செடியைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் பையைக் கத்தரித்து மண்கட்டியோடு வையுங்கள். இதன் வேர் நுண்மையானது, பொசுக்கென்று அறுந்துவிடும்.

பூ ஓய்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிடுங்கள், ஏனென்றால் பூ புதுக்கிளையில்தான் வரும். துளிர்க்கும்வரை வழக்கம்போல் தண்ணீர் கொடுங்கள். புதுக்கிளை ஒரு சாண் வளர்ந்த பிறகு கையை இழுத்துக்கொள்ளுங்கள்: இலை லேசாகத் துவளத் தொடங்கியதும் ஊற்றினால் போதும். ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கும் பழக்கம்தான் கெடுதல். ஆனால் இலை சுருண்டு உதிரும்வரை காயவிடுவதும் கூடாது.

ஐப்பசி மழை தொடங்கும் முன் தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் தட்டை எடுத்துவிட்டு, துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். தேங்கிய நீரில் வேர் அழுகிவிட்டால் முள்ளும் மிஞ்சாது.