பாதியில் வெட்டப்பட்ட மனிதர்... டெகாவின் ஓவியங்களுக்குள் நுழைந்த கேமரா!

சுற்றுலா போன இடத்தில் குடும்பத்தோடு போட்டோ எடுக்கிறீர்கள். கிளிக் செய்யும் நேரம் பார்த்து, யாரோ ஒருவர் ஃப்ரேமின் ஓரத்தில் பாதி உடம்போடு வந்துவிடுகிறார். என்ன செய்வோம்? க்ராப் செய்வோம் அல்லது டெலீட் செய்துவிட்டு இன்னொன்று எடுப்போம். ஆனால், அந்தப் பாதி மனிதரை வேண்டுமென்றே வரைந்து வைத்தார் ஓர் ஓவியர். அவர், பிரான்ஸைச் சேர்ந்த எட்கர் டெகா.

பாலே நடனப் பெண்களை வரைந்து உலகப்புகழ் பெற்ற டெகா, 1834-ல் பாரிஸில் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதானபோது, 1839-ல், அதே பாரிஸில்தான் 'டாகெரோடைப்' என்ற புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவரும் புகைப்படக் கலையும் ஒரே காலத்தில் வளர்ந்தார்கள் என்றே சொல்லலாம்.

நடுவில் ஆளே இல்லை!

1875-ம் ஆண்டுவாக்கில் டெகா வரைந்த ஓவியம், 'பிளாஸ் தெ லா கோன்கோர்ட்'. பாரிஸின் புகழ்பெற்ற சதுக்கத்தில் தன் நண்பர் லெபிக், அவருடைய இரண்டு மகள்கள், ஒரு நாய் ஆகியோரை வரைந்திருப்பார். அப்பா ஒரு பக்கம் போகிறார், பிள்ளைகள் வேறு பக்கம் பார்க்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி வெறும் தரைதான். இடது ஓரத்தில் நிற்கும் ஒருவரின் பாதி உடம்பு மட்டுமே தெரிகிறது. முக்கியமானவரை நடுவில் வைத்து முழுதாக வரைவதே வழக்கமாக இருந்த காலம் அது!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்த ஓவியத்தை, 1995-ல் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் மியூசியம் காட்சிக்கு வைத்தது.

இந்தப் பார்வை டெகாவுக்கு எங்கிருந்து வந்தது? 1860-களிலேயே பாரிஸ் தெருக்களின் புகைப்படங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றின் ஓரங்களில் பாதசாரிகளும் குதிரை வண்டிகளும் பாதியில் வெட்டுப்பட்டிருப்பது சகஜம். ஜப்பானிய மர அச்சுப் படங்களிலும் இப்படிப்பட்ட வெட்டுகள் உண்டு. டெகா அவற்றையும் விரும்பிச் சேகரித்தவர். அதனால், மொத்தப் பெருமையையும் கேமராவுக்கே கொடுத்துவிட முடியாது.

குதிரை கற்றுக்கொடுத்த பாடம்

ஆனால், குதிரைகள் விஷயத்தில் கேமராதான் ஆசிரியர். பாய்ந்தோடும் குதிரை என்றால், முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டிப் பறப்பதுபோல வரைவது ஓவியர்களின் நீண்டகாலப் பழக்கம். 1878-ல் அமெரிக்காவில் எட்வர்டு மைபிரிட்ஜ், வரிசையாக கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு கால்களும் தரையைவிட்டு எழுவது உண்மைதான். ஆனால், அப்போது கால்கள் நீண்டிருக்கவில்லை. வயிற்றுக்குக் கீழே மடங்கியிருந்தன!

1887-ல் வெளியான மைபிரிட்ஜின் படத்தொகுப்பைப் பார்த்து, டெகா தன் கையால் குதிரைகளை மீண்டும் வரைந்து பழகினார். அப்போது அவருக்கு 50 வயதைத் தாண்டியிருந்தது. பல ஆண்டுகளாகக் குதிரைகளை வரைந்து பெயர் வாங்கியவர், ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்கினார்.

அசையாதீர்கள்!

1895-ல் டெகாவே கேமராவைக் கையிலெடுத்தார். கையில் பிடித்து கிளிக் செய்யும் கோடக் கேமரா அப்போதே வந்திருந்தது. ஆனால், அவர் தேர்ந்தெடுத்தது ஸ்டாண்டில் நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் கேமராவை. இரவு விருந்து முடிந்ததும் நண்பர்களை உட்காரவைத்து, விளக்குகளை இடம்மாற்றி, நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கச் சொல்வார். அவருடைய ஓவியங்கள் சட்டென எடுத்த போட்டோபோல இருக்கும்; போட்டோக்களோ பொறுமையாகத் தீட்டிய ஓவியம்போல இருக்கும்!

முதுகைத் துடைத்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் 1896-ம் ஆண்டு புகைப்படம், அமெரிக்காவின் கெட்டி மியூசியத்தில் இருக்கிறது. உடம்பை வளைத்திருக்கும் அதே பெண்ணை, செம்பழுப்பு நிறத்தில் மூழ்கிய ஓர் ஓவியமாகவும் டெகா வரைந்திருக்கிறார்.

இத்தனைக்கும் அவருடைய கண்கள் மங்கிக்கொண்டிருந்தன. 1870-ல் போர்க்காலத்தில் தேசியக் காவல் படையில் இருந்தபோதே பார்வைக் கோளாறு தெரியத் தொடங்கிவிட்டது. பிரகாசமான வெளிச்சம் அவருக்கு ஆகாது. 1917-ல் இறந்தபோது, ஏறக்குறைய பார்வையை இழந்திருந்தார்.

1895-ல் ஓவியர் ரெனுவாரையும் கவிஞர் மல்லார்மேயையும் டெகா எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. இருவருக்கும் பின்னால் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி. அதில் கேமரா தெரிகிறது, பக்கத்தில் டெகாவும் இருக்கிறார். ஆனால், அவர் முகம் மட்டும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் அதை அழித்துவிட்டது.

அந்தப் படத்தை டெகா டெலீட் செய்யவில்லை. அடுத்தமுறை உங்கள் போட்டோவில் யாராவது பாதியாக வந்து நின்றால், அழிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்களேன்!