அடிபடச் சம்மதம், அலட்சியத்துக்கு அல்ல

டி.வி.யில் வரும் தொழில்முறை மல்யுத்தத்தைப் பார்த்து “எல்லாம் செட்டப்” என்று சொல்லாதவர்கள் குறைவு. சொல்வதில் தப்பும் இல்லை. யார் ஜெயிக்க வேண்டும் என்பது ஆட்டத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது, மோதும் இருவருக்கும் அது தெரியும். ஆனால் முடிவைப் பேசி வைத்துக்கொண்டதால் காயத்தையும் பேசி வைத்துக்கொண்டதாக ஆகாது. தலைக்கு மேல் தூக்கி எறியப்பட்ட ஒருவர் முதுகடித்து விழும் பலகைக்குக் கதை தெரியாது. 1999 மே 23 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் என்ற மல்லர் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கியபடி ரிங்குக்குள் இறங்குவதாக ஒரு காட்சி அமைத்திருந்தார்கள். கொக்கி விடுபட்டு, சுமார் 78 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 34. எதிராளி அவரைத் தொடவே இல்லை, ஆட்டம் தொடங்கவும் இல்லை. குடும்பம் வழக்குத் தொடுத்தது, 2000-ஆம் ஆண்டு 1.8 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ரிங்கில் ஏறுகிறவர் சம்மதிப்பது எதிராளியின் கைக்கும் காலுக்கும்தான். கொக்கியைப் பற்றி யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருப்பதில்தான் இந்தத் தொழிலின் எல்லாச் சுரண்டலும் நடக்கிறது.

குழப்பத்துக்குக் காகித வடிவமும் உண்டு. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனம் தன் மல்லர்களை ஊழியர்கள் என்று சொல்வதில்லை, ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’ என்றே ஒப்பந்தத்தில் எழுதுகிறது. எங்கே ஆட வேண்டும், யாரோடு ஆட வேண்டும், தோற்க வேண்டுமா ஜெயிக்க வேண்டுமா, என்ன உடுப்பு என்பதெல்லாம் நிறுவனத்தின் முடிவு. ஆனால் ஊழியருக்குரிய மருத்துவக் காப்பீடோ ஓய்வூதியமோ கிடையாது. 2008-இல் முன்னாள் மல்லர்கள் மூவர் இதை எதிர்த்து கனெக்டிகட்டில் வழக்குத் தொடுத்தார்கள். கேட்டது நியாயமா இல்லையா என்று நீதிமன்றம் ஆராயும் கட்டத்துக்கே அது போகவில்லை, காலக்கெடு கடந்துவிட்டது என்று 2009-இல் தள்ளுபடியானது. இவ்வளவு பெரிய நிறுவனத்தில் ஆடியவர்களுக்கே இந்த நிலை என்றால், நிறுவனமே இல்லாமல் ஊர் ஊராகப் போய் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி ஆடும் சுயேச்சை மல்லரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் ‘ரிங் கா கிங்’ என்று 2012-இல் பெரிய செலவில் வந்த தொலைக்காட்சித் தொடர் ஒரே பருவத்தோடு நின்றுபோனது. 2015-இல் தி கிரேட் காலி ஜலந்தரில் தொடங்கிய பயிற்சிக்கூடத்திலிருந்து கவிதா தேவி போன்ற ஒரு சிலர் அமெரிக்கா வரை போனார்கள். போகாதவர்களின் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

குமரி மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உடம்பையே முதலாகப் போட்டுப் பிழைக்கும் இளைஞர்கள் நிறைந்த மாவட்டம் இது. அடிமுறையும் வர்மமும் பிறந்து வளர்ந்த மண். சிலம்பம், களரி, கபடி, வடம் இழுத்தல், ஆணழகன் போட்டி என்று கோயில் கொடையிலும் தேவாலயத் திருவிழாவிலும் மன்ற ஆண்டுவிழாவிலும் மேடை ஏறுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இவர்களில் சிலருக்கு மல்யுத்த ரிங் ஒரு கனவு, பலருக்கு உள்ளூர் மேடையே போதும். யாராயிருந்தாலும் ஏற்பாடு ஒன்றுதான்: வாய்ப்பேச்சில் ஒரு தொகை, கையில் கொஞ்சம் அட்வான்ஸ், மீதி ஆட்டம் முடிந்த பிறகு. கை ஒடிந்தால் யார் பொறுப்பு என்று முன்கூட்டிப் பேசுவது அபசகுனம். மல்லருக்கு என்று நான் இங்கே சொல்வது எல்லாம் இவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

“தெரிந்துதானே ஏறினான்?” என்பது முதல் ஆட்சேபம். இதற்கான பதிலைச் சட்டம் 1860-லேயே எழுதி வைத்துவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆவது பிரிவாக இருக்கிறது. அது தரும் உதாரணமே இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாள்வீச்சு ஆடுவதுதான். ஒழுங்காக ஆடும்போது ஒருவரால் மற்றவருக்குக் காயம் பட்டால் அது குற்றமல்ல என்கிறது. அதோடு மூன்று வேலிகளையும் போடுகிறது. சம்மதிப்பவர் 18 வயது தாண்டியவராக இருக்க வேண்டும். ஆட்டத்தில் கள்ளத்தனம் இருக்கக் கூடாது. மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் எண்ணமோ, விளையக்கூடும் என்ற அறிவோ இருக்கக் கூடாது. இந்தச் சம்மதம் மோதுகிறவர்களுக்கு இடையில் உள்ளது. சரியாக முறுக்காத ரிங் கம்பி, அறுந்த கயிறு, மேடைக்கு மேலே மூடாமல் தொங்கும் மின்சார ஒயர் ஆகியவற்றுக்குப் பொறுப்பான ஏற்பாட்டாளரை அது காப்பாற்றாது. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் 106-ஆவது பிரிவும், உயிருக்கு ஆபத்தாக நடந்துகொண்டால் 125-ஆவது பிரிவும் அவர்மீது பாயலாம். “எது நடந்தாலும் என் பொறுப்பு” என்று மல்லரிடம் முன்கூட்டி வாங்கும் கையெழுத்து இந்தக் குற்றப் பொறுப்பைத் துடைத்துவிடாது. அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து புகார் கொடுக்காமல் இருப்பவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’ என்று எழுதிவிட்டால் ஊழியர் அல்லாமல் ஆகிவிடுவோமா? நம் உச்ச நீதிமன்றம் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை, வேலை நடக்கும் விதத்தைப் பார்க்கிறது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் 1973-இல் வந்த தீர்ப்பு இதற்கு நல்ல அளவுகோல். அங்கே தையல்காரர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, தைத்த உருப்படிக்குக் கூலி. வராத நாளுக்கு விடுப்பு கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் மிஷின் கடையினுடையது, தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் கடைக்காரருடையது என்பதால் அவர்கள் ஊழியர்களே என்றது நீதிமன்றம். ரிங் யாருடையது, ஆட்டத்தின் முடிவை எழுதுவது யார், தேதியை வைப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து ஒரே ஏற்பாட்டாளரிடம் ஆடும் மல்லர் காயத்துக்கு ஊழியர் இழப்பீடு கேட்க இது ஒரு வலுவான வாதம். ஒரே ஒரு நாள் வந்து ஆடிவிட்டுப் போகிறவருக்கு இந்த வாதம் கடினம், அதை மறைப்பதில் லாபமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர்களையும் கணக்கில் எடுக்கிறது. அவர்கள் 16 வயது முதல் 59 வயதுக்குள் இ-ஷ்ரம் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொள்வது குறைந்தபட்ச முன்னெச்சரிக்கை.

பயிற்சிக்கூடங்கள் எழுதி வாங்கும் பாண்டு இன்னொரு கண்ணி. “எங்களிடம் பயின்றால் ஐந்து வருஷம் வேறு யாரிடமும் ஆடக் கூடாது” என்ற வகை நிபந்தனை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்குள் இப்படிக் கட்டுவதை நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஏற்கின்றன. ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டிப்போட நினைத்தால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு தடுக்கும். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை அவருடைய பழைய மேலாண்மை நிறுவனம், ஒப்பந்தக் காலம் முடிந்தும் முதல் உரிமை தனக்கே என்று இழுத்தபோது, அந்த நிபந்தனை செல்லாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 18 வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. இது 1903-ஆம் ஆண்டின் மோஹரி பீபி வழக்கிலிருந்து மாறாத சட்டம். பிளஸ் டூ படிக்கும் பையனின் கையெழுத்தைக் காட்டிப் பெற்றோரை மிரட்டுகிறவர்களுக்கு இதை நினைவூட்டலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்ன பயிற்சியைத் தராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

காயம் பட்டதும் நம் ஊரில் கால்கள் வர்ம ஆசான் வீட்டுப் பக்கமே நடக்கும். சுளுக்கு, நீர்க்கட்டு, தசைப்பிடிப்புக்கு எண்ணெய் போட்டுத் தடவுவதில் தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது, அதை இங்கே மறுக்கவில்லை. தலையடி வேறு விஷயம். விழுந்தவர் எழுந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசியலாம், அதை ஸ்கேன்தான் காட்டும், கை காட்டாது. சிறிது நேரம் நினைவு தப்பியது, வாந்தி, தலைவலி கூடிக்கொண்டே போவது, பேச்சு குழறுவது, தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான். மூளை அதிர்ச்சி ஆறுவதற்குள் மறுபடி ஆடுவது அதைவிட மோசம். முதல் அடியைவிடச் சிறிய இரண்டாவது அடியே உயிரைக் குடிக்கலாம். 2007-இல் இறந்த கிறிஸ் பென்வா என்ற மல்லரின் மூளையை ஆராய்ந்தவர்கள், திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் வரும் சிதைவைக் கண்டார்கள். மருத்துவமனைக்குப் போவதில் சட்டக் காரணமும் உண்டு. அங்கே எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, எந்த இழப்பீட்டுக்கும் அஸ்திவாரம். “படியில் வழுக்கி விழுந்தேன்” என்று ஏற்பாட்டாளருக்காகப் பொய் சொன்னால் வழக்கு அந்த வரியிலேயே முடிந்துவிடும்.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. தனியார் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களில், ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடும்போது ஏற்படும் சிகிச்சைச் செலவுக்கு விலக்கு என்று ஒரு வரி பொதுவாக இருக்கும். மல்யுத்தம் அதில் வருமா வராதா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வருஷத்துக்கு 5 லட்சம் வரை உதவுகிறது. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் உண்டு. ஊர் சுற்றி ஆடுகிறவர்களுக்கு ரிங்கைவிடச் சாலை பெரிய ஆபத்து. தாரா சிங்கோடு மோதிப் புகழ்பெற்ற கிங்காங், 1970-இல் கார் விபத்தில் அடிபட்டுத்தான் சிங்கப்பூரில் இறந்தார். ரிங் சாமான் ஏற்றிய மினி லாரியிலேயே ஆட்டக்காரர்களையும் ஏற்றி அனுப்பும் வழக்கத்துக்கு உடன்படவே கூடாது. சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிவரும் பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்பதை 2004-இல் பல்ஜித் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

இத்தனையும் கேட்டால் சின்ன விழாக் கமிட்டிகள் என்ன செய்யும், நிகழ்ச்சியே நடக்காதே என்பார்கள். ஒரு ஆம்புலன்ஸ், ஒரு முதலுதவியாளர், அன்று காலை ரிங்கையும் ஒயரையும் பார்த்துச் சொல்ல ஒரு ஆள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு வாணவேடிக்கைக்கு ஆகும் செலவுக்குப் பக்கத்தில் வராது. இதற்கும் வழியில்லாத கமிட்டி பாட்டுக் கச்சேரி வைத்துக்கொள்ளட்டும். நிவாரணம் தேடுகிறவருக்கு அமெரிக்க மல்லர்களுக்கு நேர்ந்தது நேரக் கூடாது: சாலை விபத்து மனுவை ஆறு மாதத்துக்குள், நுகர்வோர் புகாரையும் ஊழியர் இழப்பீட்டு மனுவையும் இரண்டு ஆண்டுக்குள், பேசின காசு வராத வழக்கை மூன்று ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

காகிதம் கேட்டால் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம்தான் கடைசியில் எல்லோரையும் வாயடைக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தமே, இல்லாதது சாட்சி மட்டும்தான். முத்திரைத்தாள் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாமல் அதை உண்டாக்கலாம். முந்தின நாள் ராத்திரி வாட்ஸப்பில் ஒரு செய்தி: “அண்ணாச்சி, நாளைக்கு ராத்திரி எட்டு மணி ஆட்டம், மொத்தம் பத்தாயிரம், மூவாயிரம் அட்வான்ஸ் வந்துட்டு, வண்டியும் ஆஸ்பத்திரிச் செலவும் உங்க பொறுப்பு, சரிதானே?” அந்தப் பக்கத்திலிருந்து “ஆமாடே” என்று ஒரு சொல் வந்தால் போதும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழோடு அது நீதிமன்றத்தில் ஆவணமாக நிற்கும். அந்த போனை மட்டும் காசு கைக்கு வரும்வரை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடக் கூடாது.