இடைக்காலம் எந்த ஆண்டில் முடிந்தது?

1431-இல் பிரான்சின் ரூவான் நகரில் ஜோன் ஆஃப் ஆர்க்கை உயிரோடு எரித்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் இத்தாலியின் புளோரன்ஸ் பேராலயத்தின் மேல் புருனெலெஸ்கியின் மாபெரும் குவிமாடம் எழுந்து நின்றது. பாடநூல்களில் முன்னது ‘பின் இடைக்காலம்’, பின்னது ‘மறுமலர்ச்சி’. ஒரே தலைமுறை மனிதர்களுக்கு எப்படி இரண்டு யுகங்கள் வாய்த்தன?

உலக வரலாற்றைத் தொன்மை, இடை, நவீனம் என்று மூன்றாகப் பிரிக்கும் வழக்கத்தை 17-ஆம் நூற்றாண்டில் பாடநூல்கள் வழியே பரப்பியவர் ஜெர்மானியரான செல்லாரியஸ். அதில் இடைக்காலத்தின் கடைசி இருநூறு ஆண்டுகளை, ஏறக்குறைய 1300 முதல் 1500 வரை, பின் இடைக்காலம் என்கிறார்கள். எங்கே முடிப்பது என்பதில்தான் இழுபறி. கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த 1453 என்பார் சிலர். இங்கிலாந்துக்கு டியூடர் வம்சம் அரியணை ஏறிய 1485. ஸ்பெயினுக்கு கிரனாடா பணிந்து, கொலம்பஸ் கப்பலேறிய 1492. ஜெர்மனிக்கு லூதர் திருச்சபைக்கு எதிராகக் குரல் எழுப்பிய 1517.

எல்லையைவிடப் பெரிய சண்டை, அக்காலத்தின் குணம் பற்றியது. டச்சு வரலாற்றாசிரியர் ஹாய்சிங்கா 1919-இல் எழுதிய நூலில் அதை இலையுதிர்காலமாகக் கண்டார். பர்கண்டி அரசவையின் பகட்டுச் சடங்குகளும் மரணத்தையே சுற்றிவந்த கலையும் அவருடைய சான்றுகள்.

பண்ணைக் கணக்குகளைப் புரட்டியவர்களுக்கோ வேறு காட்சி தெரிந்தது. 1347–1351 பிளேக் ஐரோப்பியரில் மூன்றில் ஒருவரையாவது கொண்டுபோனது. நிலம் மிஞ்சியது, வேலைக்கு ஆள் இல்லை. கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்த இங்கிலாந்து 1351-இல் சட்டம் போட்டும் பலிக்கவில்லை, கூலி ஏறியது. அடுத்த நூற்றாண்டில் உழைப்பாளியின் தட்டில் இறைச்சி கூடியது. மக்கள்தொகை நிலத்தின் கொள்ளளவை மீறியிருந்ததே பிளேக்குக்கு முந்தைய நெருக்கடிக்கு வேர் என்றார் வரலாற்றாசிரியர் போஸ்டன்.

1976-இல் இன்னொரு வரலாற்றாசிரியர், ராபர்ட் பிரென்னர், குறுக்கிட்டார். ஆள் குறைந்ததுதான் காரணமென்றால் எங்கும் ஒரே விளைவல்லவா வந்திருக்க வேண்டும்? மேற்கே பண்ணையடிமை முறை தளர்ந்தது. எல்பே ஆற்றுக்குக் கிழக்கே பின்னாளில் அது இறுகியது. பிரபுக்களுக்கும் குடியானவர்களுக்கும் இடையிலான பலப்போட்டியைப் பார்க்கச் சொன்னார் அவர். பிரெஞ்சு அறிஞர் லெ கோஃப் எல்லைக்கோட்டையே அழித்தார்: உழவும் சமயமும் வாழ்வை ஆண்ட காலம் வரை, அதாவது 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, நீண்டது ஒரே இடைக்காலம்தான் என்றார்.

ஆண்டுகள் நடந்தவை, யுகங்கள் வகுக்கப்பட்டவை. இனி ஒரு காலத்தை ‘வீழ்ச்சி’ என்றோ ‘பொற்காலம்’ என்றோ படிக்கும்போது, அது அரசவையை அளந்து சொன்னதா, குடியானவன் வீட்டை அளந்து சொன்னதா என்று கேளுங்கள்.