ருபார்ப் இஞ்சி கிரம்பிள்
ருபார்ப் இஞ்சி கிரம்பிள் என்பது இங்கிலாந்தில் சூடாகப் பரிமாறப்படும் ஓர் இனிப்பு உணவாகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டில் கிடைத்தபோது, 'பை' செய்வதைவிடச் சிக்கனமானது என்பதால் கிரம்பிள் அங்குப் பரவலாயிற்று.

ருபார்ப் தாவரவியல்படி காய்கறியே. எனினும் பழம்போலப் பயன்படுகிறது. புளிப்பான தண்டை மட்டுமே உண்ணலாம். இலைகளில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அவை நச்சுத்தன்மை உடையவை. எனவே இலைகளை முழுவதும் நீக்கிவிட வேண்டும். யார்க்சயரில் இருட்டுக் கொட்டகைகளில் வளர்க்கப்படும் ருபார்ப், 2010 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயரைப் பெற்றது.

செய்முறை
நறுக்கிய தண்டு 500 கிராம், சர்க்கரை 100 கிராம், துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து தட்டில் பரப்ப வேண்டும். மைதா 200 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 100 கிராம் இரண்டையும் விரல் நுனியால் பிசிறி, சர்க்கரை 100 கிராம், சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பழத்தின்மேல் தூவ வேண்டும். வெண்ணெய் உருகினால் மாவு திரண்டு உதிரித்தன்மை கெடும். தூவிய மாவை அழுத்தவும் கூடாது. 180 பாகை செல்சியசில் சுமார் 40 நிமிடம் சுட்டால் மேற்புறம் பொன்னிறமாகும். இஞ்சியின் காரம் ருபார்ப்பின் புளிப்போடு நன்கு பொருந்தும். பெரும்பாலும் கஸ்டர்டுடன் உண்ணப்படுகிறது.