திரைக்குள் ஓர் ஆய்வகம்: சோதனைக் குழாய்க்கு மாற்றாகுமா?

புது தில்லி: 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி மக்களவையில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் தாக்கல் செய்தார். மெய்நிகர் சொத்துகளுக்கு 30 சதவீத வரி என்ற அறிவிப்பு கிளப்பிய பரபரப்பில், அதே உரையில் இடம்பெற்ற இன்னொரு 'மெய்நிகர்' அதிகம் பேசப்படாமலே போய்விட்டது. அறிவியல், கணிதப் பாடங்களுக்கு 750 மெய்நிகர் ஆய்வகங்களும், திறன் பயிற்சிக்கு 75 மின் ஆய்வகங்களும் 2022-23-இல் அமைக்கப்படும் என்பதே அது.

ஆய்வகம் அமைக்கப்படும் என்றால் கட்டடம், கண்ணாடிக் கலன்கள், புன்சன் அடுப்பு, அமில நெடி ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். இங்கே அவை எதுவும் இல்லை. கணினித் திரையில் தோன்றும் படக் கருவிகளை மாணவர் இயக்குகிறார். அளவீடுகள் திரையிலேயே வருகின்றன.

இது புதிய திட்டமும் அல்ல. தகவல் தொழில்நுட்பம் வாயிலாகக் கல்வியைக் கொண்டு செல்லும் தேசியத் திட்டத்தை 2009-இல் அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் தொடங்கியது. அதன்கீழ் தில்லி ஐஐடி ஒருங்கிணைக்க, மும்பை, கான்பூர், கரக்பூர், ரூர்க்கி, குவாஹாட்டி ஐஐடிகள், ஹைதராபாத் ஐஐஐடி, சூரத்கல் என்ஐடி, புணே பொறியியல் கல்லூரி, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் ஆகியவை இந்த ஆய்வகங்களை உருவாக்கின. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள், ஏறத்தாழ 700 சோதனைகள் என்பது அமைச்சகம் தரும் கணக்கு. பள்ளி மாணவர்களுக்கான இணைய ஆய்வகத்தை மும்பை சி-டாக் நிறுவனத்துடன் சேர்ந்து அமிர்தா உருவாக்கியது.

இவற்றில் இரு வகை உண்டு. ஒன்று, முழுக்கக் கணக்கீட்டில் இயங்கும் பாவனைச் சோதனை. மற்றொன்றில் உண்மையான கருவி எங்கோ ஒரு கல்லூரியில் இருக்கும். மாணவர் அதைத் தொலைவிலிருந்து இணையம் வழியே இயக்கி அளவெடுப்பார். பொதுவிவாதத்தில் இரண்டும் ஒரே பெயரில் குழம்பிவிடுகின்றன.

பாவனைச் சோதனைக்கும் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கல்லூரியால் வாங்க இயலாத விலையுயர்ந்த கருவிகளையும், மாணவர் கையில் தர அஞ்சும் வேதிப்பொருள்களையும் திரையில் தரலாம். நூறு முறை தவறினாலும் ஒரு குடுவைகூட உடையாது. ஆய்வகத்துக்குள் நுழையும் முன் இங்கே ஒத்திகை பார்த்துவிட்டு வரும் மாணவர், அங்கே பாதி நேரத்தை வீணாக்க மாட்டார்.

ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்த எவருக்கும் அமில-காரத் தரம்பார்த்தல் மறந்திருக்காது. பியூரெட்டின் குழாயடைப்பை விரலால் பிடித்தபடி, சொட்டுச் சொட்டாக விழும் கரைசலையும் வெண்டைலின்மேல் வைத்த குடுவையையும் மாறி மாறிப் பார்த்திருப்போம். பினாப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும் அந்த ஒரு சொட்டைத் தவறவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்தடுத்து ஒத்த அளவு கிடைக்கும்வரை விடமாட்டார் ஆசிரியர். தனி ஊசலிலும் அப்படித்தான்: குண்டு வட்டமடிக்கும், நிறுத்துகடிகாரத்தை அழுத்தக் கை தாமதிக்கும், ஈர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 9.3 என வரும். ஏன் வந்தது என்று தேடும்போதுதான் அறிவியல் தொடங்குகிறது. பிழையே நேராதபடி எழுதப்பட்ட மென்பொருளில் அந்தத் தேடலுக்கு இடமில்லை. உப்புப் பகுப்பாய்வில் ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றத்தை எந்தத் திரையும் இதுவரை தந்ததில்லை. (தராததற்கு நன்றி சொல்லும் மாணவர்களும் இருக்கலாம்.)

செய்முறையின் இடம் குறித்துச் சட்டம் ஏற்கெனவே பேசியிருக்கிறது. அஞ்சல் வழியில் வழங்கப்பட்ட பொறியியல் பட்டங்கள் தொடர்பான வழக்கில் 2017 நவம்பர் 3-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், செய்முறைப் பயிற்சியின் முக்கியத்துவத்தை வலியுறுத்தி, நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் 2001 முதல் 2005 வரை சேர்த்த மாணவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்தது. சேலத்தின் விநாயகா மிஷன்ஸும் அந்த நான்கில் ஒன்று. ஆய்வகம் கட்டாயமாக உள்ள படிப்புகளை முழுக்க இணையவழியில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளும் கூறின.

அதே மத்திய அரசின் பள்ளி வாரியம், கரோனா இரண்டாம் அலையின்போது வேறு வழியின்றி எதிர்த்திசையில் சென்றது. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு 2021 ஜூன் 1-ஆம் தேதி ரத்தானபின், நிலுவையிலிருந்த செய்முறைத் தேர்வுகளை இணையவழியில் மட்டுமே முடித்து மதிப்பெண் அனுப்புமாறு பள்ளிகளுக்கு உத்தரவிடப்பட்டது. இயற்பியலிலும் வேதியியலிலும் நூற்றுக்கு 30 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. பெருந்தொற்றுக் காலத்தில் அது தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். நெருக்கடிக்கு நுழைந்த ஏற்பாடு நிரந்தரக் கொள்கையாக உட்கார்ந்துவிடுமோ என்பதுதான் கவலை.

2020-ஆம் ஆண்டு தேசிய கல்விக் கொள்கை, தீக்ஷா, ஸ்வயம், ஸ்வயம்பிரபா தளங்களின் வழியே மெய்நிகர் ஆய்வகங்களை அமைத்து, அனைத்து மாணவர்களுக்கும் தரமான செய்முறை அனுபவத்தைச் சமமாக அளிக்க வேண்டும் என்கிறது. பின்தங்கிய பிரிவினருக்குப் பாடங்கள் ஏற்றப்பட்ட கைக்கணினி போன்ற சாதனங்கள்? அதற்கான வாய்ப்பு 'பரிசீலிக்கப்படும்'. நாடாளுமன்றப் பதில்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சொல்லின் எடை தெரியும்.

ஆய்வகம் இல்லாத பள்ளிக்குத்தான் மெய்நிகர் ஆய்வகம் பெரிதும் தேவை என்பது அரசின் வாதம். அத்தகைய பள்ளியின் மாணவர் வீட்டில் நிலைமை என்ன? 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம், இணைய வசதி பெற்றிருந்தவை ஏறத்தாழ 15 சதவீதம். அதன்பின் கைப்பேசி வழி இணையம் வேகமாகப் பரவியிருக்கிறது என்பது உண்மை. ஆயினும் குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும் வீடுகளில், உள்ளங்கை அளவுத் திரையில் பியூரெட்டின் அளவுக்கோடுகளை எண்ணுவது எளிதல்ல.

பள்ளிகளின் நிலையும் பெரிதாக வேறுபட்டதல்ல. 750 ஆய்வகங்கள் அறிவிக்கப்பட்ட 2021-22 கல்வியாண்டில், நாட்டில் இணைய வசதி இருந்த பள்ளிகள் சுமார் 34 சதவீதம் என்கிறது கல்வி அமைச்சகத்தின் சொந்தப் புள்ளிவிவரம்.